கூடையில் கிடந்த கண்வலிக் கிழங்கு

கண்வலிக் கிழங்கைத் தின்று பிழைத்தவள் என்று என்னைப் பார்க்க ஆள் வருகிறார்கள். கொடைக்கானல் கீழ்மலையில், பெரும்பாறையில் எங்கள் வீடு பஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே இருப்பதால் வருவதும் சுலபம். உட்காருவார்கள், என் மொட்டைத் தலையைப் பார்ப்பார்கள், காப்பி குடிப்பார்கள். கிளம்பும்போது மெதுவாகக் கேட்பார்கள்: "நீயாத் தின்னியா, இல்ல யாரும் குடுத்தாகளா?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு வீட்டுக்கு வராமல் இருந்தால் சந்தோஷம்.

முதலில் அந்தச் செடி. மழைக்குக் கொடி எழும்பி, கார்த்திகையில் காப்பித் தோட்டத்து வேலியெல்லாம் பூத்துக் கிடக்கும். இதழ் அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் மேல்நோக்கி வளைந்து, தீ எரிகிற மாதிரி இருக்கும். இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். புத்தகத்தில் செங்காந்தள் என்று போட்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று எங்கள் பக்கம் கண்வலிப் பூ. கிழங்கு கலப்பை போல இரண்டாக மடங்கியிருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பவர்களும் உண்டு. கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பி கட்டி, பந்தல் போட்டு, விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். மருந்துக் கம்பெனிக்குப் போகிறதாம். மலையில் யாரும் நடுவதில்லை. அதுவாக முளைக்கிறது.

மூட்டு வலிக்குக் கிழங்கை அரைத்துப் பற்றுப் போடுவார்கள். பேனுக்கு இலைச்சாறு தேய்ப்பார்கள்; என் தலையிலும் சின்ன வயதில் தேய்த்திருக்கிறார்கள். பிரசவம் தள்ளிப்போனால் உள்ளங்காலில் அரைத்துப் பூசுவார்கள். தேள் கடித்தால் கடிவாயில் வைப்பார்கள். எல்லாம் வெளியே பூசுவதற்கு. அதிலும் புண் இருக்கும் இடத்தில் பட்டால் கெடுதல். உள்ளே போனால் ஆள் பிழைப்பது கஷ்டம். இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்த எனக்குத்தான் இது நடந்தது.

பொங்கல் முடிந்த வாரம். மிளகு பறிப்பு ஆரம்பித்திருந்தது. மதியத்துக்கு மேல் பசியோடு வீட்டுக்கு வந்தேன். மருமகள் கவிதா அடுப்படிக் கூடையில் இருந்த கிழங்கை எடுத்துத் தோல் சீவி, துண்டு போட்டு, அவித்து வைத்திருந்தாள். பொங்கலுக்கு வாங்கிய வள்ளிக்கிழங்கில் மிச்சம் கூடையில் இருந்தது எனக்குத் தெரியும். கவிதா மேல்மலைப் பெண், கொடைக்கானலைத் தாண்டிய பூண்டி ஊர்க்காரி. அங்கே உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. எங்கள் கிழங்கெல்லாம் அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் பழக்கம். பூத்திருக்கும்போது காட்டினால் செடியைச் சொல்லிவிடுவாள். மண்ணோடு கிடக்கும் கிழங்கைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கருப்பட்டியோடு தின்றேன். சில துண்டு கசந்தது.

"என்னடி, இப்பிடிக் கசக்குது?"

"தெரியல அத்தை. நான் இன்னும் வாயில வைக்கல. வெளக்குப் போட்டுத்தானே சாப்பிடணும்."

தைப்பூசத்துக்கு விரதம் இருந்தாள். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் ஒரு வேளைச் சாப்பாடு. கிழங்கு முற்றிவிட்டது என்று நினைத்து, கசந்ததையும் விழுங்கினேன். உழைத்து வந்தவள் தட்டில் இருப்பதைக் கொட்ட மாட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தொண்டை எரிந்தது. பிறகு வாந்தி. பிறகு வயிற்றாலே போனது. நிற்கவே இல்லை. கவிதா விரதச் சாப்பாட்டைத் தொடாமல் என்னைக் கழுவிவிட்டு, பக்கத்து ஜீப்பைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் செல்லையா முந்தின நாளே எஸ்டேட் மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கியிருந்தார். மகன் குமார் கொடைக்கானலில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறான். ஜீப் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் நான் வாந்தி எடுத்தேன். அவள் தன் முந்தானையில் பிடித்தாள். இதை யாரும் பிறகு பேசவில்லை. நான் எழுதுகிறேன்.

அடிவாரத்தில் ஒரு கிளினிக். குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, "ஆகாததைச் சாப்பிட்டிருக்கீங்க, காலையில சரியாயிடும்" என்றார்கள். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்கள். கிழங்கு என்றோம். என்ன கிழங்கு என்று கேட்கவில்லை. விஷம் உடம்பில் இறங்குகிற நேரத்தில் நான் அங்கே நல்லபடியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். வாந்தி நின்றதும் பிழைத்தேன் என்று நினைத்தேன். இந்தக் கிழங்கின் பெரிய மோசடி இதுதான். முதல் ஆட்டம் முடிந்ததும் கொஞ்சம் விடும். பிறகுதான் உள்ளே வேலையை ஆரம்பிக்கும்.

மறுநாள் கை கால் மரத்து, மூத்திரம் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தார்கள். சந்தையிலிருந்து செல்லையாவும் அங்கே வந்து சேர்ந்தார். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயது. முதல் கேள்வியே "கிழங்கு மிச்சம் இருக்கா?" என்பதுதான். கவிதா அப்போதே பஸ் ஏறி மலைக்குப் போய், குப்பையில் கிடந்த தோலையும் கூடையில் மிச்சம் இருந்த ஒரு கிழங்கையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா கையுறை மாட்டி எடுத்துப் பார்த்தார். கலப்பை போல மடங்கிய கிழங்கு. நானும் படுத்தபடி பார்த்தேன். எனக்கும் புரிந்துவிட்டது.

அந்த நிமிஷத்திலிருந்து நான் வயிற்றுப்போக்கு நோயாளி இல்லை, போலீஸுக்குச் சொல்ல வேண்டிய நோயாளி. விஷம் என்றால் ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அது சட்டம். அதில் எனக்குக் கோபம் இல்லை. வார்டில் இருந்தவர்கள் பார்த்த பார்வையில்தான் கோபம். பக்கத்துக் கட்டில்காரி தன் மகளிடம் சொன்னாள்: "மருமக கொடுமையாத்தான் இருக்கும். பாரு, எம்புட்டு நெஞ்சழுத்தமா உக்காந்திருக்கா."

டாக்டரம்மா எனக்கு விளங்கும்படி சொன்னார். இந்தக் கிழங்கில் கோல்சிசின் என்று ஒரு சத்து இருக்கிறது. மூட்டில் உப்புச் சேர்ந்து வலிப்பவர்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பதும் அதே சத்துதான், ஆனால் தூசி அளவு. உடம்பில் எந்த இடம் வேகமாகப் புதிதாக முளைக்கிறதோ அந்த இடத்தை அது நிறுத்திவிடும். குடலின் உள்தோல், எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை, தலைமுடியின் வேர். முதலில் குடல், அடுத்து ரத்தம், கடைசியில் முடி.

"மாத்து மருந்து இருக்கா டாக்டர்?"

"இதுக்குன்னு தனியா இல்லம்மா. உடம்பு தாங்குற வரைக்கும் நாங்க தாங்கிப் பிடிப்போம். இந்த வாரம்தான் முக்கியம்."

பொய் சொல்லாமல் சொன்னார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

வெள்ளையணு இறங்கியது. வெள்ளையணு என்பது கிருமியோடு சண்டை போடுகிற ரத்தத் துகள். அது குறைந்தால் சாதாரணச் சளியும் ஆளைக் கொண்டுபோகும். அதனால் என்னைத் தனி அறையில் போட்டார்கள். முகமூடி போட்டு ஒருவர்தான் உள்ளே வரலாம். தட்டணுவும் இறங்கியது; அது ரத்தத்தை உறைய வைப்பது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்தது. தினமும் ரத்தம் எடுத்துப் போனார்கள். வேறு யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். வெள்ளையணு ஏறுவதற்கு வயிற்றில் ஊசி. கிட்னியைப் பார்க்க மூத்திரத்தை அளந்தார்கள். டயாலிசிஸ், அதாவது மெஷினில் ரத்தத்தைக் கழுவுவது, தேவைப்படலாம் என்று கையெழுத்து வாங்கி வைத்தார்கள். கடைசியில் தேவைப்படவில்லை.

பயமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் எந்நேரமும் பயப்பட முடியாது. முதுகு அரிக்கிறது, வாய் புண்ணாகிக் கிடக்கிறது, காற்றாடி சத்தம் போடுகிறது. மனசு அதில்தான் கிடந்தது.

வெளியே வராந்தாவில் வேறு நடந்துகொண்டிருந்தது. கொடைக்கானலிலிருந்து குமார் வந்திருந்தான். என் நாத்தனார் வீராயியும் வந்து சேர்ந்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தாது. அவள் குரலும் தாழாது.

"வீட்டுல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி திங்கிறா, ஒருத்தி விரதமாம்! கேக்குறவன் கேனையன்னா என்ன வேணாச் சொல்லலாம். ஏலே குமாரு, ஒன் ஆத்தாளுக்கும் இவளுக்கும் ஒரு நாளாவது ஒத்துப் போச்சா? சொல்லுலே!"

குமாரின் செருப்புச் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனது. ஒத்துப் போகவில்லை என்பது உண்மை. அவள் வேலையில் வெரசு இல்லை, கை வேகமாக ஓடாது என்று நான் திட்டாத நாள் கிடையாது. குளிர் ஊரில் வளர்ந்தவள், விடியுமுன் வெள்ளனே எழுந்திருக்க மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும் என்று எவரும் சொல்லிவிட முடியாது. அதற்காக அவள் எனக்கு விஷம் வைத்தாள் என்று ஆகிவிடுமா?

இரண்டு மூன்று நாளில் கவிதாவின் அப்பா பூண்டியிலிருந்து வந்தார். அவரைக் கூப்பிட்டவள் வீராயி. ஸ்டேட்மென்ட் வாங்க போலீஸ்காரர் வரப்போகிறார், அதற்குள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பெண்ணை உள்ளே வைப்பார்கள் என்று மிரட்டியிருக்கிறாள். நான் பேசாமல் செத்தால் கவிதா கொலைகாரி. நான் பேசினால் அவள் தப்பிக்கலாம். நான் பேச வேண்டும் என்றால் கிழங்கு கூடைக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுதான் தெரியவில்லை.

அன்று என்னோடு இருக்கும் முறை செல்லையாவுடையது. முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. கால்மாட்டில் நின்றாரே தவிர உட்காரவில்லை. என் முழங்காலைப் பார்த்தார். போர்வையை இழுத்து மூடினார். மறுபடி பார்த்தார். முப்பது வருஷமாகப் பார்க்கும் ஆள். எதையோ ஒளிக்கும்போது அந்த ஆள் இப்படித்தான் எதையாவது இழுத்து மூடுவார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேர், கிழங்கு எதையும் மருந்துக்குத் தோண்டப் போகிறவன் விடிவதற்கு முன் போக வேண்டும். போகும்போதும் வரும்போதும் யாரோடும் பேசக்கூடாது. மருந்தை அரைத்துப் பூசுகிற வரைக்கும் இன்னதைத் தோண்டினேன், இன்னாருக்காகத் தோண்டினேன் என்று வாய் திறக்கக்கூடாது. வைத்திருக்கிற கிழங்கு பிறர் கண்ணிலும் படக்கூடாது. சொன்னால், பட்டால், மருந்து பலிக்காது.

நான் தின்ற நாளுக்கு முந்தின நாள் விடியலில் அவர் கடப்பாரையோடு வீட்டுக்குள் வந்தார். "எங்கய்யா போயிட்டு வாரீரு?" என்று கேட்டேன். பதில் இல்லை. செவிடா என்று திட்டினேன். அதற்கும் பதில் இல்லை. என் முழங்கால் வலிக்குத்தான் போயிருக்கிறார்.

"கெழங்கைக் கூடையில போட்டது நீருதானே?"

அவர் போர்வையைத் தடவினார்.

"கொடியெல்லாம் காஞ்சு போச்சு. இனி எடம் தெரியாமப் போயிருமேன்னுதான்... வள்ளிக்கெழங்குக்கு அடியில போட்டா யாரு கண்ணுலயும் படாதுன்னு வச்சேன். சாயங்காலம் வந்து அரைச்சுப் பூசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எஸ்டேட்டுல சந்தைக்குப் போகச் சொல்லிட்டாக."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னாப் பலிக்காதுல்ல."

"இப்பப் பலிச்சிருச்சா?"

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஈறில் ரத்தம் வந்தது. துப்பினேன்.

அவர் வழக்கப்படி நடந்ததை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள். எனக்காகப் போனார், இருட்டில் போனார். ஆனால் நான் விழுந்த மறுநாளே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா கிழங்கைக் கையில் பிடித்தபோது பக்கத்தில்தான் நின்றார். பிறகு வீராயி வராந்தாவில் கத்தியபோதும் நின்றார். மருமகளின் அப்பா தலை குனிந்து நின்றபோதும் நின்றார். மருந்துக்காகப் பேசாமல் இருந்தவர், பயத்துக்காகவும் பேசாமல் இருந்தார்.

"போலீஸு வந்தா நீரே சொல்லும்," என்றேன். "நான் சொன்னா, மருமகளைக் காப்பாத்தக் கெழவி புருசன் மேல பழி போடுறாம்பாக."

"என்னய உள்ள வச்சிருவாக, புள்ள."

"வைக்கட்டும். நான் செத்தா அந்தப் புள்ளைய வைப்பாக. அவளுக்கு வயசு இருக்கு. ஒமக்கு என்ன சோலி கெடக்கு வெளிய?"

போலீஸ்காரர் அடுத்த நாள் வந்தார். நல்ல மனிதர், வேர்த்துப்போய் வந்திருந்தார். முகமூடி போட்டுக்கொண்டு கதவருகில் நின்றார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம்தான் என்று விட்டார்.

"ஏம்மா, நீங்களாத் தின்னீங்களா?"

"பசிச்சுச்சு, தின்னேன். சாகுறதுக்கு இல்ல."

"யாரு மேலயும் சந்தேகம் இருக்கா?"

"எம் புருசனைக் கேளுங்க."

செல்லையா சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். தோண்டியது, பேசாமல் வந்தது, கூடையின் அடியில் வைத்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

"இதுல கேசு போட என்னங்கய்யா இருக்கு? கெழங்கை இனிமேயாவது தனியா வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். இதற்குத்தான் அவர் இத்தனை நாள் நடுங்கியிருக்கிறார்.

வீராயி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். கவிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவிதாவும் அப்பாவோடு கிளம்பினாள். கதவுக்கு வெளியே நின்று, "போயிட்டு வாரேன் அத்தை" என்றாள். தைப்பூசம் முடிந்ததும் திரும்பி வருவாள் என்று நினைத்தேன்.

வெள்ளையணு மெல்ல ஏறியது. ஒரு காலை டாக்டரம்மா சிரித்தபடி உள்ளே வந்தார். பிழைத்துவிட்டேன் என்று அப்போது எனக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது முடி கொட்டும், பயப்பட வேண்டாம், திரும்ப முளைக்கும் என்று சொன்னார். வீட்டில் சீப்பை வைத்ததும் பிடிப் பிடியாக வந்தது. சில நாளில் எல்லாம் போய்விட்டது. பாதத்தில் மதமதப்பு இன்னும் இருக்கிறது. மூட்டு வலியும் இருக்கிறது. அதற்கு இப்போது ஆஸ்பத்திரி மாத்திரை. கிழங்கை மோரில் ஊறப்போட்டால் விஷம் முறியும், வீட்டிலேயே செய்யலாம் என்று செல்போனில் ஒருவன் பேசுகிறான். அவன் வீட்டுக்காரிக்கு முதலில் கொடுக்கட்டும். பூசுவதற்கு ஆனாலும், கிழங்கை அடுப்படிக்குள் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் வீட்டில் எல்லாருக்கும் வாய் விட்டுச் சொல்லுங்கள். மருந்து பலிக்காவிட்டால் போகிறது.

கவிதா திரும்பி வரவில்லை. குமாரைக் கேட்டால், "அவளாப் போனா, அவளா வரட்டும்" என்றான். நான் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கொடைக்கானல் போய், அங்கிருந்து மன்னவனூர் பஸ்ஸில் ஏறி, பூண்டிக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. குளிர் மொட்டைத் தலையில் நேராக இறங்கியது. கவிதா வீட்டு வாசலில் பூண்டைக் கற்றை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்தாள்.

"வா, வீட்டுக்குப் போவோம்," என்றேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அவள் சோறு போட்டாள். உருளைக்கிழங்குப் பொரியல், பூண்டுக் குழம்பு. தட்டை என்னிடம் நீட்டும் முன், ஓரத்திலிருந்து ஒரு வாய் பிசைந்து எடுத்துத் தான் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். பிறகு தட்டை வைத்தாள்.

"எதுக்குடி இது?"

"பழகிருச்சு அத்தை."

"எது பழகிருச்சு?"

"ஆஸ்பத்திரியில ஒங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டாருவேன்ல. தெனமும் என்னய முதல்ல ஒரு மடக்குக் குடிக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் ஒங்க மகன் வாங்கி உள்ள கொண்டுவருவாரு."

நான் குடித்த கஞ்சி. அவன் ஸ்பூனில் ஊட்டியபோது, பெற்ற பிள்ளை எப்படிக் கவனிக்கிறான் பாருங்கள் என்று நர்ஸிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

"மாமா சொன்னதுக்குப் பொறவும் குடிக்கச் சொன்னானா?"

"அன்னைக்குச் சாயங்காலம் நான் கெளம்புறதுக்கு முன்னாடி கடைசியாக் காய்ச்சினேன். அப்பவும் சொன்னாரு."

அவள் அழவில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நான் தட்டில் இருந்த எல்லாவற்றையும் தின்றேன். வாய்ப் புண் ஆறியிருந்தாலும் காரம் எரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, அவளிடம் மறுபடி வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பூண்டை எப்படிக் கற்றை கட்டுவது என்று கேட்டேன். பூண்டின் தண்டை முறுக்கிக் காட்டினாள். நான் கட்டியது அவிழ்ந்தது.

"இப்பிடியா கட்டுறது? வெரசாப் பிடிங்க," என்று திட்டினாள்.

திட்டட்டும் என்று மறுபடி கட்டினேன்.